முனீராவின் பாஸ்

முனீராவை உட்கார வைத்துப் பேசியவர்கள் இந்த ஊரில் குறைவு. சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் அவள் குடியிருக்கும் புளோக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுமை இல்லாமல் ஏழாவது மாடிக்குப் படியேறிப் போகிறவள் அவள். கல்யாணம் என்று ஒன்று நடந்தது, இரண்டு வருஷம் தாங்கியது. இவளோடு குடும்பம் நடத்துவதும் பஸ் ஸ்டாப்பில் குடியிருப்பதும் ஒன்றுதான் என்று அந்த மனிதர் சொல்லிவிட்டுப் போனாராம். அதில் பாதி உண்மை என்று முனீராவே ஒத்துக்கொள்வாள். மீதிப் பாதியைப் பற்றிக் கேட்டால் அவள் தரும் பதில் அச்சில் ஏற்றக்கூடியதல்ல.

அப்படிப்பட்டவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தாற்போல ஒரு வேலை அமைந்தது. விமானங்களுக்குச் சாப்பாடு சமைத்து அனுப்பும் கம்பெனியில் ஹைலிஃப்ட் ஓட்டினாள். சாப்பாட்டு வண்டிகளை ஏற்றிய லாரியை விமானத்தின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, பின்னால் உள்ள பெட்டியை மட்டும் மேலே தூக்கி, விமானக் கதவோடு பொருத்த வேண்டும். ஒரு சாண் தப்பினால் விமானத்தில் கீறல் விழும், பயணம் நின்றுவிடும், அப்புறம் விசாரணை, விளக்கம், தலைவலி. பதினேழு வருஷத்தில் முனீரா ஒரு விமானத்தையும் தொட்டதில்லை. ஓடுபாதைப் பக்கத்து வெயிலில், காதைப் பிய்க்கும் சத்தத்தில், ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது குறைவான சொல். அந்த வேலை இல்லாத முனீராவை அவளுக்கே தெரியாது.

விமானங்கள் நிற்கும் இடத்துக்குள் போகப் பாதுகாப்புப் பாஸ் வேண்டும். அட்டைதான், ஆனால் அது கழுத்தில் தொங்கினால்தான் கேட் திறக்கும். சில வருஷங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கக் கொடுப்பார்கள், அது பாட்டுக்குத் திரும்பி வரும். இந்த முறை அட்டை வரவில்லை. கடிதம் வந்தது. உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்தோம், பாஸ் வழங்க இயலவில்லை, மேல்முறையீடு செய்யலாம். அவ்வளவுதான். ஏன் இயலவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை.

"காரணம் சொல்ல மாட்டாங்கக்கா," என்றார் சூப்பர்வைசர் அழகப்பன். "செக்யூரிட்டி விஷயம்னா அப்படித்தான். நீங்க அப்பீல் போடுங்க. அதுவரைக்கும் உள்ள ட்ரே செக்ஷன்ல நில்லுங்க. மூணு மாசம் வரைக்கும் நான் சமாளிக்கிறேன். அதுக்கு மேல உங்க லாரிக்கு வேற ஆளு போட்டுருவாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ட்ரே செக்ஷன் என்பது விமானத்திலிருந்து திரும்பி வரும் எச்சில் தட்டுகளைப் பிரிக்கும் இடம். ஓடும் பெல்ட்டின் முன்னால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கரண்டி இந்தப் பக்கம், கிண்ணம் அந்தப் பக்கம், யாரோ பாதி கடித்த பன் குப்பையில். சுவருக்கு அப்பால் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் கேட்டுக்கொண்டே இருக்கும். பெல்ட் ஓடியது, தட்டுகள் ஓடின, முனீரா மட்டும் நின்றாள். ஒரு வாரத்தில் அவளுக்குக் கால் வீங்கியது. அதைவிட மனசு கெட்டுப்போனது.

காரணம் சொல்லாமல் ஒருவரைத் தண்டித்தால் என்ன ஆகும் தெரியுமா? அந்த ஆள் தன் வாழ்க்கையையே சோதனை போட ஆரம்பித்துவிடுவார். முனீராவும் போட்டாள். சின்ன வயதில் எம்ஆர்டி ரயிலில் பபிள்கம் மென்று பிடிபட்டது ஞாபகம் வந்தது. கேட்டில் ஒரு காவலர் அவளுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறக்கச் சொன்னபோது, "உள்ள வாளை மீன் கொழம்பு இருக்கு, வாள் இல்ல" என்று வாயாடியது ஞாபகம் வந்தது. நூலகத்துக்குத் திருப்பாத புத்தகம், கீழ்வீட்டுக்காரரோடு துணி சொட்டிய சண்டை, எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுப் பார்த்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தால் இறங்க வேண்டிய இடம் போய்விடும். தூங்கப் படுத்தால் எழுந்து சமையலறையைத் துடைப்பாள். தம்பியின் நினைப்பு மட்டும் வரும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அஹ்சன் அவளைவிடப் பதினோரு வயது இளையவன். வாப்பாவும் உம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் இவளும் அவனும்தான். வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே வரி கட்டாத கள்ள சிகரெட்டுகளை ஏற்றி இறக்கிப் பிடிபட்டான். சிறை. தண்டனையின் கடைசிப் பகுதியை வீட்டில் இருந்தபடியே கழிக்க அனுமதித்தார்கள். கணுக்காலில், வீட்டில் இருக்கிறானா என்று காட்டிக்கொடுக்கும், கழற்ற முடியாத ஒரு மின்னணு டேக். வேலைக்குப் போகலாம், சொன்ன நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும். இதற்குக் குடும்பத்தில் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். முனீரா போட்டாள். அவள் கையெழுத்தை விலக்கிக்கொண்டால் அவன் மீதி மாதங்களுக்கு மறுபடி உள்ளே போக வேண்டியதுதான்.

டேக் விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது. 'தண்டனை முடிஞ்சு வந்துட்டான்' என்றுதான் சொல்லியிருந்தார்கள். முடிந்து வந்தவனுக்கும் காலில் பட்டையோடு வந்தவனுக்கும் சொந்தபந்தம் வைக்கிற மரியாதையில் எவ்வளவு வித்தியாசம் என்று முனீராவுக்குத் தெரியும். அவர்களுடைய பூர்வீக ஊரான முத்துப்பேட்டையின் ஆட்கள் நாலு பேர் கூடினால் அது ஊருக்கே எட்டிவிடும். அதனால் அஹ்சன் எந்நேரமும் முழுக்கால்சட்டையும் நீளமான காலுறையும் போட்டுக்கொண்டான். வெள்ளிக்கிழமை டன்லப் ஸ்ட்ரீட் பள்ளிவாசலுக்குப் போகும்போது தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளுவை வீட்டிலேயே செய்துகொண்டு போவான். அங்கே குழாயடியில் உட்கார்ந்தால் காலைக் கழுவ வேண்டும், காலைக் கழுவினால் மானம் போகும்.

முதல் மேல்முறையீட்டை முனீரா தன் ஆட்களின் வழக்கப்படி செய்தாள். அதாவது, பெரிய மனிதர்களிடம் நற்சான்று வாங்கினாள். லிட்டில் இந்தியாவில் அத்தரும் தொழுகை விரிப்பும் பயணப்பெட்டியும் விற்கும் அஹமது கபீர், அவள் வாப்பாவின் கூட்டாளி, பள்ளிவாசல் காரியங்களில் முன்னால் நிற்பவர். விஷயத்தைக் கேட்டதும் கொதித்துப்போனார்.

"உனக்கா பாஸ் இல்லைங்கிறாங்க? நான் எழுதித் தர்றேன் பாரு," என்றார்.

எழுதினார். மருமகனை விட்டு நல்ல ஆங்கிலத்தில் எழுத வைத்தார். தன் கூட்டாளிகள் இரண்டு பேரிடமும் வாங்கிக் கொடுத்தார். மூன்று பேரும் முனீராவின் குணத்துக்குச் சாட்சியாக ஒரே விஷயத்தைத்தான் எடுத்திருந்தார்கள். சிறையிலிருந்து வந்த தம்பியை ஒதுக்காமல் வீட்டில் வைத்துக்கொண்டவள், தாய்க்குத் தாயாக இருப்பவள், அவனை ஒரு நாளும் கைவிடமாட்டாள். படித்துப் பார்த்து முனீராவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தைகளை அவள் மொத்தமாகக் கேட்டதே இல்லை. மகிழ்ச்சியாக அனுப்பினாள். போன வேகத்தில் திரும்பி வந்தது. இயலவில்லை. இன்னும் ஒரே ஒரு முறை மேல்முறையீடு செய்யலாம்.

அழகப்பன்தான் இலவசச் சட்ட உதவி பற்றிச் சொன்னார். லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில், வாரம் ஒரு மாலை, வழக்கறிஞர்கள் சிலர் வேலை முடிந்து வந்து உட்காருகிறார்கள். பாஸ் மறுக்கப்பட்டவர்கள், உரிமம் போனவர்கள், காவலாளி வேலைக்கு மனுப்போட்டுத் தள்ளுபடியானவர்கள் என்று அங்கே ஒரு கூட்டம் உண்டு. கீழே பூக்கடை, மேலே பிளாஸ்டிக் நாற்காலிகள். முனீரா நாற்காலியில் உட்காராமல் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்ததில், காத்திருந்த மற்றவர்களுக்கும் படபடப்பு வந்துவிட்டது.

அவளுக்கு வாய்த்த வழக்கறிஞர் தாரணி. வயது முப்பதைத் தொட்டிருக்காது. அலுவலக உடையோடு வந்து, ஒரு கையில் தே ஓ என்ற பாலில்லாத தேநீர்ப் பையும் மறு கையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். மூன்றாவதைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஆன்ட்டி, இதெல்லாம் அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன். ஏன், நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் பிராப்ளம்." தாரணி குரலைத் தணித்தாள். "அவங்க காரணம் சொல்லல, சோ நானும் கெஸ்தான் பண்றேன். நீங்க சாப்பாட்டு வண்டியோட விமானம் வரைக்கும் போறவங்க. கள்ள சிகரெட் கேஸ்ல மாட்டின ஒருத்தர் உங்க அட்ரஸ்ல இருக்காரு. அவர் கேட்டா நீங்க எதையாவது கொண்டுவந்து கொடுப்பீங்களோன்னுதான் அவங்க யோசிப்பாங்க. நீங்க என்ன பண்ணீங்க? அவருக்காக நீங்க என்ன வேணா செய்வீங்கன்னு மூணு பெரிய மனுஷங்ககிட்ட எழுதி வாங்கி அனுப்பியிருக்கீங்க."

முனீராவுக்கு முகம் சூடேறியது. "தம்பியைப் பார்த்துக்கிட்டது தப்பா?"

"தப்பே இல்ல ஆன்ட்டி. ஆனா அவங்க கேக்குற கேள்விக்கு அது பதில் இல்ல."

வழி என்ன என்று கேட்டாள். தாரணி சுற்றி வளைக்கவில்லை. தம்பி தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டால், இப்போது அவர் என் வீட்டில் இல்லை என்று உண்மையாக எழுதலாம். அப்போது வாய்ப்பு அதிகம். அவர் அங்கேயே இருந்தால், இருப்பதை வைத்து வாதாடலாம், ஆனால் வாதாட அதிகம் ஒன்றும் இல்லை.

"போய்ட்டா கிடைச்சிடுமா?"

"கிடைக்கும்னு பிராமிஸ் பண்ண மாட்டேன். சான்ஸ் ஜாஸ்தி. அவர் ரிலீஸ் ஆனவர்தானே, ரூம் எடுக்கறதுல என்ன கஷ்டம்?"

அந்த இடத்தில் முனீரா வாயைத் திறந்திருக்க வேண்டும். உதவி செய்ய உட்கார்ந்திருக்கும் வக்கீலிடம்கூட மறைக்கிற அளவுக்கு மானம் என்ன பெரிய மானமோ. ஆனால் மாதக்கணக்காகச் சொல்லிப் பழகிய பொய் நாக்கில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஆமா, ரிலீஸ் ஆனவன்தான். நான் அவன்கிட்ட பேசிப் பார்க்கிறேன்," என்றாள்.

பேசவில்லை. அடுத்த நாட்களில் அவள் அஹ்சனைப் பார்த்த பார்வையே சரியில்லை. அவன் விடியுமுன் எழுந்து புக்கிட் பாத்தோக்கில் பிராட்டா ரொட்டிக்கு மாவு பிசையும் சமையற்கூடத்துக்குக் கிளம்புவான். தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ரயிலில் போய், இருட்டுவதற்குள் மாவு வாசனையோடு திரும்பி வருவான். ஈரத்துண்டை நாற்காலியில் போடுவான். சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு மூடியை மறந்துவிடுவான். ஒரு நாள் அந்த ஈரத்துண்டுக்காக அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண் கதவைத் திறந்து பார்த்தாள். அஹ்சன் துண்டை எடுத்து உதறிக் காயப்போட்டான். அவன் எதிர்த்துப் பேசியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

ட்ரே செக்ஷனில் நின்றபடி ஒரு பிற்பகல் முழுக்க அவள் தம்பியை வெறுத்தாள். மனசாரத்தான் வெறுத்தாள். சிகரெட்டைத் தொட்டவன் அவன், தட்டைத் தொடுகிறவள் நான் என்று நினைத்தாள். ஒரு போன் போதும். என்னால் முடியவில்லை, கையெழுத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று அவனுக்குப் பொறுப்பான சிறை அதிகாரியிடம் சொன்னால் முடிந்தது. மிச்சம் இருப்பது சில மாதங்கள்தானே, உள்ளே இருந்து பழகியவன்தானே. இடைவேளையில் வெளியே போய் எண்ணை அழுத்திவிட்டாள். மணி இரண்டு முறை அடித்தது. மறுபக்கம் யாரோ ஹலோ என்றதும், அவன் முதல் நாள் வீட்டுக்குள் வந்தபோது சோபாவில் உட்காரலாமா என்று அவளிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. தன் வீட்டு சோபாவில் உட்கார அனுமதி கேட்டவனை மறுபடி அங்கே அனுப்ப அவளால் ஆகவில்லை. தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வக்கீல் சொன்னதை முனீராவிடம் கேட்டுவிட்டு, கபீர் தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். "அவன் அட்ரஸை என் கடை மாடிக்கு மாத்திடு லா. பேப்பர்ல மட்டும்தான். இருக்கறது உன் வீட்லயே இருக்கட்டும். யாரு வந்து பார்க்கப் போறா?"

முனீரா அதைத் தூக்கிக்கொண்டு தாரணியிடம் ஓடினாள். தாரணி கேட்ட மாத்திரத்தில் மறுத்துத் தலையசைத்தாள்.

"பொய் டிக்ளரேஷன் கொடுத்தா அது தனி கேஸ் ஆன்ட்டி. இப்ப பாஸ்தான் போயிருக்கு, அப்ப நீங்களே போயிடுவீங்க. ஏன், அவர் நிஜமாவே ரூம் எடுக்க மாட்டேங்கிறாரா?"

முனீரா ஜன்னல் பக்கம் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பிறகு நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். டேக், கையெழுத்து, காலுறை, வீட்டிலேயே செய்யும் ஒளு, அடித்துவிட்டு வைத்த போன். சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

தாரணிக்குக் கோபம் வந்தது. "இதைப் போய் என்கிட்ட மறைச்சிருக்கீங்களே." அப்புறம் அவள் முகம் மாறியது. "ஒரு நிமிஷம். அவரை உங்ககிட்ட அனுப்பறதுக்கு முன்னாடி உங்களைப் பத்தி விசாரிச்சாங்களா?"

"விசாரிக்காமலா? வீட்டுக்கு வந்து பார்த்தாங்க. என்னைக் கூப்பிட்டுப் பேசினாங்க. அவன் லேட்டா வந்தா போன் பண்ணுவியா, தப்புப் பண்ணினா எங்ககிட்ட சொல்லுவியான்னு கேட்டாங்க. சொல்லுவேன்னேன். ஒரு தடவை சொல்லியும் இருக்கேன். ரயில் பழுதாகி அவன் லேட்டா வந்தப்ப, அவன் வர்றதுக்குள்ள நான்தான் போன் பண்ணேன். ரெண்டு நாள் என்கூட பேசல அவன்."

தாரணி நாற்காலியை இழுத்து முன்னால் போட்டாள். "ஆன்ட்டி, கொஞ்சம் உட்காருங்க. ப்ளீஸ். நீங்க அவரைத் தாங்கறவங்கன்னு அந்த மூணு லெட்டர் சொல்லுது. நிஜம் என்னன்னா, நீங்க அவரைக் காவல் காக்கறவங்க. ஒரு கைதியை நம்பி உங்ககிட்ட ஒப்படைச்சிருக்காங்க. சொந்தத் தம்பின்னு பார்க்காம அவரைப் பத்தி ரிப்போர்ட் பண்ணியிருக்கீங்க. இதைவிட நல்ல கேரக்டர் சர்டிபிகேட் இந்த ஊர்ல யார்கிட்ட இருக்கு? நாம ஏன் இதை மறைக்கணும்?"

முனீரா இதை இப்படி யோசித்ததே இல்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று மூடி வைத்ததை ஒருத்தி எடுத்து மேசைமேல் வைத்து, இதுதான் உங்கள் பலம் என்கிறாள். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதச் சொன்னாள்.

கபீரின் கடிதத்தையும் மாற்றி வாங்க வேண்டியிருந்தது. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய், அத்தர்ப் புட்டிகளுக்கு முன்னால் நின்று, மென்று விழுங்கி, டேக் விஷயத்தைச் சொன்னாள். கபீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்மா."

"தெரியுமா மாமா?"

"மாசக்கணக்கா ஒருத்தன் குழாயடிப் பக்கமே வராம நேரா உள்ள வந்து தொழறான். எங்களுக்குக் கண்ணு இல்லையா? நீ சொல்லல, சரி, நாமளும் கேக்க வேணாம்னு இருந்துட்டோம். உன் மானம் எங்க மானம் இல்லையா."

ஆக, முனீரா ஊரிடம் மறைத்தாள், ஊர் அவளிடம் மறைத்தது, இரண்டு பேரும் சேர்ந்து பாஸ் கொடுக்கிறவர்களிடம் மறைத்தார்கள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அத்தர்ப் புட்டி ஒன்றை எடுத்துத் தரையில் அடிக்கலாம் போலவும் வந்தது. கபீரின் புதுக் கடிதம் சின்னதாக இருந்தது. இந்தப் பெண் தம்பிக்குப் பொறுப்பேற்றிருக்கிறாள், அவன் தப்புச் செய்தால் முதலில் புகார் கொடுப்பவள் இவள்தான், எனக்குத் தெரியும். தாரணி அதைத் தன் வாதத்தோடு சேர்த்து அனுப்பினாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. அழகப்பன் சொன்ன மூன்று மாதம் முடியப் போனது. முனீராவின் லாரியை ஓட்ட ஒரு பையனைப் பழக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அஹ்சனிடம் அவள் எதையும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, வேலையிடத்தில் ஏதோ மாற்றம், அதனால் கோபம். அவனுக்குத் தெரிந்தால் என்ன செய்வான் என்ற பயம் அவளுக்கு இருந்தது. கபீரை எச்சரித்து வைக்க மட்டும் மறந்துவிட்டாள்.

கபீர் கெட்ட மனிதர் இல்லை. நல்லதைப் பார்த்தால் அவரால் சும்மா இருக்க முடியாது, அதுதான் அவரிடம் உள்ள கோளாறு. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அஹ்சனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "உன் லாத்தா மாதிரி ஒருத்தி கிடைக்கமாட்டா தம்பி. உன்னை வெளிய அனுப்பிட்டா பாஸ் கிடைக்கும்னு வக்கீலே சொல்லியும் மாட்டேன்னுட்டா," என்று பெருமையாகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சனியும் ஞாயிறும் அஹ்சன் வீட்டில் வழக்கம்போலத்தான் இருந்தான். மின்விசிறியைத் துடைத்தான். அவளுக்குப் பிடித்த மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி வந்தான். திங்கட்கிழமை முனீரா பெல்ட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"லாத்தா, நான் இங்க வந்துட்டேன்."

"எங்க?"

"உள்ள. ஆபீசர்கிட்ட பேசிட்டேன். மிச்ச மாசத்தை இங்கயே முடிச்சுக்கிறேன். இப்ப உன் வக்கீல்கிட்ட சொல்லு, அவன் வீட்ல இல்லன்னு. பொய் இல்ல, நிஜம்தானே."

சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நடித்து இரண்டாவது முறை சொல்ல வைத்தாள். அவன் பொறுமையாகத் திருப்பிச் சொன்னான். "யாரைக் கேட்டு போனே?" என்று அவள் கத்தியது பெல்ட்டின் மறுகோடிவரை கேட்டது. அதற்குள் பேச்சு நேரம் முடிந்துவிட்டது. அவள் அன்றைக்கே அதிகாரியைத் தேடிப் போனாள். நான் கையெழுத்தை விலக்கவே இல்லையே, அவனைத் திருப்பி அனுப்புங்கள் என்றாள். அவரும் மரியாதையாகத்தான் பேசினார். அவராகவே கேட்டு வந்திருக்கிறார், மறுபடி அனுப்புவதென்றால் முதலிலிருந்து பரிசீலிக்க வேண்டும், அதற்குள் அவர் தண்டனைக் காலமே முடிந்துவிடும் என்றார்.

அழகப்பன் ஊருக்குப் போய், புதன்கிழமைதான் வேலைக்குத் திரும்பினார். வந்த அரைமணி நேரத்தில் ட்ரே செக்ஷனுக்கு ஓடி வந்தார். தலைக்கு வலை மாட்டக்கூட மறந்திருந்தார்.

"அக்கா, அப்ரூவ் ஆயிடுச்சு. பாஸ் ஓகே. இந்தத் தடவை பதிலைக் கம்பெனிக்குத்தான் மெயில்ல அனுப்பியிருக்காங்க, நான் லீவ்ல இருந்ததுல பார்க்கல, சாரிக்கா. நீங்க நாளைக்கே லாரி எடுக்கலாம்."

பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். முனீரா கையுறையைக் கழற்றவில்லை.

"மெயில் என்னைக்கு வந்துச்சு?"

"அதான் சொன்னேனே, நான் இல்லாதப்ப."

"என்னைக்குன்னு கேக்குறேன்."

அழகப்பன் கைப்பேசியைத் தடவிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை. காலைலயே வந்திருக்கு."

வெள்ளிக்கிழமை காலை. கபீர் பள்ளிவாசலில் வாயைத் திறப்பதற்கு முன்பே. அஹ்சன் வீட்டில், காலில் டேக்கோடு, ஈரத்துண்டோடு இருக்கும்போதே அவர்கள் கொடுத்துவிட்டார்கள். தாரணியின் வாதம் வென்றிருந்தது. மறைக்காமல் சொன்ன உண்மையே போதுமானதாக இருந்தது. அஹ்சன் போனது எதற்கும் உதவவில்லை, யாருக்கும் தேவைப்படவுமில்லை. முனீரா கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவள் அழுததை அந்தக் கம்பெனியில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் லாரி எடுத்தாள். தாரணிக்குப் போன் செய்து நன்றி சொன்னாள். அவள் அந்தப் பக்கம் சந்தோஷத்தில் கூவியபோது அஹ்சன் விஷயத்தைச் சொல்ல மனம் வரவில்லை, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அடுத்த ஓய்வு நாளில் தம்பியைப் பார்க்கப் போனாள். திட்டித் தீர்த்துவிடுவது என்ற முடிவோடுதான் போனாள். வழியெல்லாம் வார்த்தைகளைத் தயார் செய்தாள். யாரைக் கேட்டுப் போனே, ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே, இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருந்தா போதுமே, மடையா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அஹ்சன் வந்து உட்கார்ந்து போனை எடுத்தான். கால்சட்டை அரைக்கால்தான், கணுக்கால் வெறுமையாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே கேட்டான்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"லாரி ஓட்டினியா?"

"நேத்தும் ஓட்டினேன், முந்தாநேத்தும் ஓட்டினேன்."

அவன் கண்ணாடியை நோக்கிக் குனிந்தான். கள்ள சிகரெட் ஏற்றிய நாளிலிருந்து அவன் அவளை நேருக்கு நேர் பார்த்துப் பேசியதே குறைவு. இப்போது பார்த்தான்.

"நான் வீட்டை விட்டுப் போனதாலதானே லாத்தா கிடைச்சுது?"

தயார் செய்த வார்த்தைகளெல்லாம் முனீராவின் வாய்வரை வந்தன. வெள்ளிக்கிழமை என்ற ஒரு சொல் போதும், அவன் முகத்திலிருந்து அந்தப் பெருமிதம் போய்விடும். மிச்ச மாதங்களை அவன் அங்கே அந்த ஒரு எண்ணத்தை வைத்துக்கொண்டுதான் தள்ள வேண்டும். பாஸுக்காக எல்லா உண்மையையும் கொட்டியவள் அவள்.

"ஆமாடா," என்றாள். "உன்னாலதான்."